பாவம் யாரைச் சாரும்? – மணிமேகலை கூறும் சில வழக்குகள்

தமிழில் 'பாவம்' என்னும் சொல்லை மக்கள் இருவகையாக வழங்குகின்றனர். வழியிற் பசித்துக் கிடப்பவனைக் கண்டு ஒருவர், "ஐயோ பாவம்" என்கிறார். அவருக்குப் பின்னே வருபவர், "எல்லாம் அவன் செய்த பாவம்" என்கிறார். சொல் ஒன்றே. முன்னவர் மடியை அவிழ்த்துக் காசு தேடுகிறார். பின்னவர் நடையைக்கூட நிறுத்துவதில்லை. நம் முன்னோர் பல நூற்றாண்டுகளாகக் கேட்டு வந்தது பெரும்பாலும் இரண்டாவது வழக்கையே. ஊர்க் கிணற்றில் நீர் மொள்ளலாகாது, கோயில் வாயிலை அணுகலாகாது, எழுத்தறிதலாகாது. ஏன் என்று கேட்டால் முற்பிறப்பிற் செய்த பாவம் என்பதே விடை. குற்றத்தைக் கண்ட சாட்சி இல்லை; குற்றம் இன்னதென்று சொல்வாரும் இல்லை. தண்டனை மட்டும் தவறாமல் நிறைவேற்றப்பட்டது. அதனை நிறைவேற்றியவர்களோ தாங்கள் ஒன்றும் செய்யவில்லை, வினை செய்கிறது என்று கை கழுவிக்கொண்டனர்.

இந்தப் பழியை உதறிவிட்டுத் தம்மத்தின் சரணடைந்தவர்கள் நாம். ஆதலின், நம் சங்கங்களில் மணிமேகலை படிக்கப்படும் போதெல்லாம் இளைஞர் சிலர் ஒரு வினாவை எழுப்புவது இயல்பே. "இந்நூலிலும் பக்கந்தோறும் முற்பிறப்புக் கதைகள்தாமே வருகின்றன? உதயகுமரன் வெட்டுண்டதற்கு முன்வினை. கோவலன் கொலையுண்டதற்கு முன்வினை. மாதவியும் சுதமதியும்கூட முற்பிறப்பில் தாரையும் வீரையுமாக இருந்தவர்கள். நம்மைக் கட்டி வைத்த சங்கிலியை இங்கே மீண்டும் பொன்முலாம் பூசி வைத்திருக்கிறார்களே! இதனை நாம் ஏன் போற்ற வேண்டும்?" என்பது அவ்வினா. இதனை முதியோர் சிலர் அடக்கிவிட முயல்வது பொருந்தாது. வினா நேர்மையானது, விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும். மணிமேகலை தமிழ்ப் பௌத்தரின் பெருநூல் என்பதாலேயே அதில் உள்ளன எல்லாம் நமக்கு ஏற்புடையன என்று சொல்லி நழுவுதல், பகவான் காலாமர்க்கு உரைத்த நெறிக்கே மாறானது. மரபில் வந்தது என்பதற்காகவோ நூலில் உள்ளது என்பதற்காகவோ ஒன்றை ஏற்காதீர் என்றன்றோ அவர் கேசபுத்தத்து மக்களுக்குக் கூறினார்?

ஆகவே நூலையே திறந்து பார்ப்போம். அதில் முன்வினை பேசப்படுகிறது என்பது உண்மை. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், பேசிய பின் என்ன செய்கிறார் என்பதே நாம் காண வேண்டியது.

காவிரிப்பூம்பட்டினத்தில் உலகவறவி என்னும் பொதுவிடம். பசித்தோர்க்கெல்லாம் அமுதசுரபியிலிருந்து மணிமேகலை சோறிடும் இடம் அது. அரசகுமாரன் உதயகுமரனின் துன்புறுத்தலினின்று தப்புவதற்காக அவள் காயசண்டிகை என்னும் வித்தியாதர மங்கையின் உருவத்தைத் தாங்கியிருக்கிறாள். உண்மையான காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், பன்னிரண்டு ஆண்டுகளாகத் தன் மனைவி படும் பசிநோயின் சாபம் தீரும் காலத்தை எண்ணி வந்தவன், அவளைத் தேடி அங்கு வருகிறான். தன் மனைவி என்று அவன் கருதியவளோ அவனைப் பொருட்படுத்தாமல் வேறொருவனோடு பேசி நிற்கிறாள். பொறாமை மூள்கிறது. நள்ளிரவில் உதயகுமரன் அவ்விடத்துக்குத் தனியே வந்தபோது, மறைந்திருந்த காஞ்சனன் வாளால் எறிந்து அவனைக் கொன்றுவிடுகிறான். அப்போது அங்குள்ள தூணிலே அமைந்த பாவை, காப்பியம் கந்திற்பாவை என்று அழைப்பது, வாய் திறந்து உண்மையைச் சொல்கிறது. அவள் உன் மனைவி அல்லள். உன் மனைவி திரும்பும் வழியில் விந்தியத்தில் மாண்டாள் என்கிறது. அதன் பின் அது கூறுவதை ஒவ்வொரு பௌத்தரும் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். உதயகுமரனின் உயிரை உண்டது அவனுடைய பழைய வினையே என்று சொல்லும் அதே மூச்சில், எனினும் அறியாமல் நீ செய்தது கொடுவினை, அது உன்னையும் விடாது வந்து பற்றும் என்று காஞ்சனனிடம் கூறுகிறது.

எவ்வளவு கூர்மையான தீர்ப்பு என்று எண்ணிப் பாருங்கள். சாதாரண அறிவுக்கு இவ்விரண்டும் ஒன்றையொன்று அழிப்பன போலத் தோன்றும். இறந்தவன் தன் வினையால் இறந்தானென்றால் கொன்றவன் வெறுங் கருவிதானே? கருவிக்குக் குற்றம் ஏது? வினையின் பெயரால் மக்களை ஒடுக்கியவர்கள் சொன்னதும் இதுவேயன்றோ: நாங்கள் கருவி, உங்கள் வினையே கர்த்தா! இந்த வாதத்தைக் கந்திற்பாவை முளையிலேயே கிள்ளி எறிகிறது. பட்டவனுக்குப் பின்னே ஆயிரம் பிறவிக் கதை இருக்கலாம். அதில் ஓர் எழுத்தும் வெட்டியவன் சார்பில் எடுத்துப் பேச முடியாது. வெட்டியவன் கணக்கு தனிக் கணக்கு. அவன் தவறான எண்ணத்தால் வெட்டினான் என்பதுகூட அவனை விடுவிக்கவில்லை. ஆராயாமல் வாளெடுத்தது அவன் செயலே.

இன்னொன்றும் காண்க. உதயகுமரனைத் தொடர்ந்த அந்தப் பழைய வினைதான் யாது? அடுத்த காதையில் பாவை மணிமேகலைக்கு அதனை விரித்துரைக்கிறது. முற்பிறப்பில் அவன் இராகுலன் என்னும் அரசகுமாரன். பிரமதருமர் என்னும் முனிவர்க்கு விடியலில் விருந்து படைக்க ஏற்பாடாகியிருந்தது. சமையற்காரன் விரைந்து வரும்போது கால் இடறி விழுந்தான், கலங்கள் சிதறின. தவத்தோர்க்கு உணவு தாமதமாயிற்றே என்னும் சினத்தில் இராகுலன் அவனை வாளால் துணித்துவிட்டான். இவ்வளவே. பெரியோரைப் பேணும் ஆர்வத்தில், பக்தியின் உச்சியில் செய்த கொலை அது. கொலையுண்டவனோ பெயர்கூடச் சொல்லப்படாத ஒரு மடைத்தொழிலாளன். அடிசில் சுமந்து வந்து வழுக்கி விழுந்த கூலியாளின் உயிருக்கு ஓர் அரசகுமாரன் தன் உயிரால் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் மனத்தில் இருந்தது சமயப்பற்று என்பது எடையைக் குறைக்கவில்லை. அக்காலத்து ஏனைய நீதிநூல்கள் பல, கொன்றவன் யார், கொலையுண்டவன் எக்குலத்தான் என்று பார்த்துத் தண்டனைக்கு விலை குறித்தன. மனுவின் நூலில் பரிகாரம் கொலையுண்டவனின் வருணத்துக்கேற்பக் குறைந்துகொண்டே போவதைக் காணலாம். அந்தத் தராசை மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் கையில் எடுக்கவே இல்லை.

முன்வினைக் கதை இந்நூலில் எதற்குப் பயன்படுகிறது என்பது இதனால் ஓரளவு விளங்கும். ஒருவனுடைய துன்பத்தை நியாயப்படுத்துவதற்காக அது சொல்லப்படவில்லை. செயலொன்று செய்தவனை விட்டு எளிதில் அகலாது என்பதை உணர்த்தவே சொல்லப்படுகிறது. பசித்தவனை நோக்கி, நீ முற்பிறப்பில் என்ன செய்தாய் என்று மணிமேகலை ஒருபோதும் கேட்கவில்லை. குருடர், செவிடர், முடவர், பேணுவாரற்றோர், நோயால் நலிந்தோர் எல்லாரும் அமுதசுரபியைச் சூழ்கின்றனர். காயசண்டிகையோ ஒரு முனிவரின் சாபத்தால் பசிப்பவள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியைக் காலால் சிதைத்ததற்குப் பன்னிரண்டு ஆண்டுப் பசி அவளுக்கு விதிக்கப்பட்டது. சாபத்தால் வந்த பசியாயிற்றே, அதனைத் தீர்ப்பது முனிவரின் ஆணையை மீறுவதாகாதா என்று மணிமேகலை தயங்கினாளா? ஒரு பிடி சோறிட்டாள், பசி தீர்ந்தது. துன்பம் அனைத்தும் உரிய தண்டனையே என்று கொண்டால் அன்னதானம் என்பதே சிறைக்கதவை உடைப்பது போன்ற குற்றமாகிவிடும். முன்வினையை நம்பிய அந்தக் காப்பியம் தன் நடுவில் நிறுத்தியிருப்பது ஓர் அன்னப் பாத்திரத்தை. இம்முரணை அதன் ஆசிரியர் அறியாமல் செய்தார் என்று நான் கருதவில்லை.

பிறப்பைக் காட்டிச் சோறு மறுப்பவர்களும் இந்நூலில் வருகிறார்கள். அவர்கள் யாரென்று பாருங்கள். ஆபுத்திரன், வாரணாசியைவிட்டு வந்த சாலி என்னும் பார்ப்பனிக்கு முறைதவறிப் பிறந்து, கைவிடப்பட்டு, ஏழு நாள் ஒரு பசுவின் பாலால் உயிர் பிழைத்தவன். இளம்பூதி என்னும் அந்தணர் அவனைக் கண்டெடுத்து வளர்க்கிறார், மறையும் கற்பிக்கிறார். அவன் வளர்ந்தபின், வேள்வியிற் கொல்லப்படுவதற்காகக் கட்டியிருந்த பசுவொன்றை இரவில் அவிழ்த்துக்கொண்டு போகிறான். பிடித்து அடிக்கிறார்கள். அவன் விடை சொல்கிறான். நீங்கள் போற்றும் முனிவர்களின் பிறப்பு எத்தகையது என்று பெயர் பெயராகக் கேட்கிறான். அதற்கு மறுமொழி இல்லாமற்போகவே, அவனுடைய தாயின் கதையை எடுத்து வீசுகிறார்கள். வாதத்தில் தோற்றவன் எதிரியின் பிறப்பை இழுப்பது அன்றும் இருந்தது போலும்! வளர்த்த தந்தையும் கைவிடுகிறார். அவன் பிச்சைக்குச் சென்ற ஊர்களில் அவன் ஓட்டில் சோற்றுக்குப் பதில் கல்லை இடுகிறார்கள். கல்லிட்டவர்களை அறவோர் என்று சாத்தனார் எங்கும் கூறவில்லை. கல்லேற்றவன் கையில்தான் சிந்தாதேவியின் அமுதசுரபி வந்து சேர்கிறது. பாவத்தில் பிறந்தவன் என்று விரட்டப்பட்டவனே நாடு முழுவதற்கும் சோறிடுகிறான்.

அறவண அடிகளின் வாயிலாக இந்நூல் தீச்செயல்களைப் பத்தென வகுத்துக் காட்டுகிறது. உடம்பால் வருவன கொலை, களவு, காமத் தீயொழுக்கம் என மூன்று. சொல்லால் வருவன பொய், கோள், கடுஞ்சொல், பயனற்ற பேச்சு என நான்கு. மனத்தால் வருவன பிறர் பொருள் மேல் ஆசை, வெகுளி, பிறழ்ந்த நோக்கு என மூன்று. பாலிச் சூத்திரங்களில் நாம் காணும் பட்டியலே இது. இதனை மனப்பாடமாகச் சொல்லும் நாம் இதில் இல்லாதவற்றையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று. இன்னாரைத் தொடுதல் இதில் இல்லை. இன்னார் வீட்டில் உண்ணுதல் இல்லை. இன்ன குலத்திற் பிறத்தல் இல்லை. பத்தும் ஒருவன் தானே செய்வன. அவன் விரும்பினால் செய்யாமல் விடக் கூடியன. பிறப்போ யாரும் செய்யும் செயலன்று. அதனைக் குற்றப் பட்டியலில் சேர்க்க இந்த அறநெறியில் இடமே இல்லை.

பிறழ்ந்த நோக்கு என்பது பற்றி அறிந்தோர் சிலர் தடை எழுப்பக்கூடும். நல்வினைக்கும் தீவினைக்கும் பயன் இல்லை என்பதுதானே திரிபுணர்ச்சி என்று சூத்திரங்கள் கூறுகின்றன. வினையை மறுத்தால் நாமே அக்குற்றத்தில் விழமாட்டோமா? இத்தடைக்குப் பகவானே விடையளித்திருக்கிறார். அங்குத்தர நிகாயத்தின் மூன்றன் தொகுதியில், மூன்று கொள்கைகளை அவர் ஆராய்ந்து தள்ளுகிறார். மனிதன் அனுபவிப்பன எல்லாம் முன்வினையின் பயனே என்பது ஒன்று. எல்லாம் இறைவன் படைப்பே என்பது மற்றொன்று. எல்லாம் காரணமின்றி நிகழ்வன என்பது மூன்றாவது. இம்மூன்றும் கடைசியில் செயலின்மையிலேயே கொண்டு சேர்க்கும் என்பது அவர் தீர்ப்பு. எல்லாம் முன்வினையென்றால், ஒருவன் கொலை செய்வதும் முன்வினையால்தான். பிறகு இதைச் செய்யலாம், இதைச் செய்யலாகாது என்னும் முயற்சிக்கே பொருள் ஏது? சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்னும் பரிவிராசகன் இதே பொருளைப் பற்றிக் கேட்கிறான். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றும் கூடுதல், பருவமாற்றம், உடலைச் சரிவரப் பேணாமை, பிறர் தாக்குதல் ஆகியவற்றாலும் துன்பம் வருகிறது; வினையின் பயன் என்பது எட்டில் ஒன்றே என்கிறார் பகவான். எல்லாத் துன்பமும் முற்செயலால் என்போர் தம் அனுபவத்தையும் உலகம் அறிந்த உண்மையையும் மீறிப் பேசுகின்றனர் என்றும் கூறுகிறார். பிறர் தாக்குதலை அவர் தனியே ஒரு காரணமாக எண்ணியிருப்பதைக் கவனியுங்கள். அடிபட்டவனைப் பார்த்து, இது உன் வினை என்று சொல்லுமுன் அடித்தவன் யார் என்று பார்க்கச் சொல்கிறது தம்மம்.

போதிசத்துவர் டாக்டர் அம்பேத்கர் தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் எழுதி, 1957இல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் இதனை இன்னும் கடுமையாகவே ஆராய்ந்தார். முற்பிறப்பு வினை இப்பிறப்பைத் தீர்மானிக்கிறது என்னும் கொள்கை புத்தருடையதாக இருக்க இயலாது என்றும், ஏழை எளியோரின் நிலைக்கு அரசும் சமுதாயமும் பொறுப்பேற்காமல் தப்புவதற்கே அது உதவும் என்றும் அவர் கருதினார். சாத்தனார் அவ்வளவு தூரம் செல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பல பிறவிகளை அவர் உண்மையாகவே நம்பினார். அவர் காலத்துப் பௌத்தர் யாவரும் நம்பினர். அந்த நம்பிக்கையை ஏற்பதும் ஏற்காததும் ஒவ்வொருவர் அறிவுக்கு உரியது. ஆனால் அதைக் கொண்டு தீங்கு செய்பவனுக்கு ஒரு புகலிடம் கட்டிக் கொடுக்க அவர் மறுத்தார். இதில் சாத்தனாரும் அம்பேத்கரும் ஒரே கரையில் நிற்கின்றனர்.

இதுவரை சொன்னது நமக்கு இனிமையாக இருக்கும். இனிச் சொல்லப் போவது அத்தனை இனிமையன்று.

சாத்தனாரின் தராசு ஒடுக்கியவனை மட்டும் நிறுக்கவில்லை, ஒடுக்கப்பட்டவரையும் நிறுக்கிறது. மணிமேகலை வஞ்சி நகரை அடைந்து, அங்கே தெய்வமாக நிற்கும் கண்ணகியின் திருவுருவை வணங்கி, தாயே என்று உருகும்போது, அத்தெய்வம் பேசுகிறது. கணவன் கொலையுண்டதற்குப் பழைய பிறப்பில் ஒரு காரணம் உண்டென்று மதுரைத் தெய்வம் தன்னிடம் கூறியதையும், அதைக் கேட்டும் ஆறாமல் தான் நகரைத் தீக்கிரையாக்கியதையும் கண்ணகி தன் வாயாலேயே சொல்கிறாள். முன்செய்த நல்வினையால் இப்போது தேவநிலையில் இருக்கிறோம். அது தீர்ந்ததும், சினத்தாற் செய்த அந்தப் பாவம் எவ்வகையிலும் எம்மை வந்து பற்றாமல் விடாது என்கிறாள். பல பிறவிகளுக்குப் பின்னரே, பகவான் தோன்றி அறமுரைக்கும் காலத்தில் அதனைக் கேட்டு விடுதலை பெறுவார்களாம்.

தமிழ்நாடு முழுவதும் பத்தினித் தெய்வமென்று பொங்கலிட்டு வணங்கும் ஒருத்தியைப் பற்றி, அவளுடைய மகள் முறையினளிடமே, இப்படி எழுதுவதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! சிலம்பின் கதையை நாம் அறிவோம். கண்ணகிக்கு இழைக்கப்பட்டது வெளிப்படையான அநீதி. ஒரு பொற்கொல்லனின் சொல்லைக் கேட்டு, விசாரணையே இல்லாமல் அரசன் அவள் கணவனைக் கொல்வித்தான். அவளைவிட நியாயமான சினம் உலக இலக்கியத்தில் யாருக்கு உண்டு? அவளும் கண்மூடித்தனமாக எரிக்கவில்லை. அந்தணர், அறவோர், பசு, பத்தினியர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுத் தீயோரையே பற்றுமாறு தீக்கடவுளை ஏவினாள் என்கிறது சிலப்பதிகாரம். (இப்பட்டியலில் மற்றவரெல்லாம் ஒழுக்கத்தாலோ வயதாலோ வலியற்றமையாலோ தப்ப, முதலில் நிற்போர் மட்டும் பிறந்த குலத்தால் தப்புகின்றனர் என்பதை ஒரு பௌத்தர் கண்டும் காணாமல் செல்வதற்கில்லை.) இத்தனை வரம்பு கட்டியும், இத்தனை நியாயம் இருந்தும், சாத்தனார் அதனைப் பாவம் என்கிறார்.

இது நீதியா? நம்மில் பலருக்கு இவ்விடத்தில் மனம் கசக்கும். காலங்காலமாக அடிபட்டவனிடம் போய், நீ திருப்பி அடித்தால் அதுவும் பாவம் என்பது, அடித்தவனுக்கே அனுகூலமாக முடியாதா? இக்கசப்பை நான் பொய்யென்று சொல்லமாட்டேன். எனினும் சாத்தனார் எதைப் பாவம் என்றார், எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்தி, தலைவிரி கோலமாகக் கண்ணகி பாண்டியன் வாயிலில் நின்றாளே, அதனை அவர் பாவம் என்னவில்லை. அரசனை நேர்நின்று, நீ ஆராயாத மன்னன் என்று இடித்துரைத்தாளே, அதனைப் பாவம் என்னவில்லை. சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலை அவன் முகத்துக்கு நேரே தெறிக்கவிட்டு உண்மையை நிலைநாட்டினாளே, அதனையும் பாவம் என்னவில்லை. அவள் வழக்கு அங்கேயே வென்றுவிட்டது. பாண்டியன் தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு, அரியணையிலேயே உயிர்விட்டான். கோவலனின் முற்பிறப்பைக் காட்டி அவன் தப்ப முயலவில்லை; அந்தக் கதை அவனுக்குத் தெரியவும் தெரியாது. குற்றவாளி குற்றத்தை ஏற்று வீழ்ந்த பிறகு மூண்டதுதான் மதுரையை உண்ட தீ. அதில் வெந்தவருள் கோவலனைக் கண்ணாலும் காணாதவர் எத்தனை பேர்!

1927 மார்ச் 20 அன்று மகாத் நகரில், டாக்டர் அம்பேத்கரின் தலைமையில் நம் மக்கள் சவதார் குளத்துக்கு அணிவகுத்துச் சென்று நீர் பருகினர். அதற்குப் பழிவாங்கச் சாதி இந்துக்கள் தடிகளோடு வந்து, உணவருந்திக்கொண்டிருந்தவர்களையும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களையும் தாக்கினர். நம்மவர் தொகை அன்று குறைவன்று. படையிற் பணியாற்றிப் பழகியவர்களும் அவர்களுள் இருந்தனர். ஒரு சொல் கிடைத்தால் போதும் என்று துடித்து நின்றவர்களை அவர் தடுத்து நிறுத்தினார். ஆனால் குளத்து நீரின் மேல் உள்ள உரிமையை அவர் விட்டாரா? வழக்கு மன்றத்தில் பத்தாண்டு போராடி, 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்றார். கண்ணகியின் சிலம்பு அவர் கையில் இருந்தது, தீ இல்லை. அவர் அப்போது பௌத்தராகியிருக்கவில்லை. ஆயினும் சாத்தனார் பிரித்துக் காட்டிய அந்த நூலிழை வேறுபாடு அங்கே நடைமுறையில் விளங்கிற்று. அநீதியை எதிர்ப்பது ஒன்று. எதிர்ப்பின் போர்வையில் வெகுளிக்கு விருந்திடுவது வேறொன்று. மனத்தால் வரும் தீமைகளுள் வெகுளியைச் சேர்த்தவர்கள், வெகுண்டவன் பக்கம் நியாயம் உண்டா என்று கேட்டு அதனைச் சேர்க்கவில்லை.

இதற்கு மாறான எடுத்துக்காட்டையும் காப்பியமே தருகிறது. மகனை இழந்த இராசமாதேவி, மணிமேகலையைத் தன் மாளிகைக்கு அழைத்துச் சென்று ஒவ்வொரு கொடுமையாகச் செய்து பார்க்கிறாள். பித்தேற்றும் மருந்தை ஊட்டுகிறாள். கல்லாத இளைஞன் ஒருவனுக்குக் காசு கொடுத்து அவள் கற்பைக் கெடுக்க ஏவுகிறாள். நோயுற்றாள் என்று பொய் கூறிப் புழுக்கறையில் அடைத்து உணவை மறுக்கிறாள். ஒன்றும் பலிக்காமல் அவள் அஞ்சி நடுங்கும்போது மணிமேகலை அவளைச் சபிக்கவில்லை. உன் மகனின் உடலுக்காக அழுகிறாயா, உயிருக்காக அழுகிறாயா என்று கேட்கிறாள். உடலுக்கு என்றால், அதனைச் சுடுகாட்டில் இட்டவர் யார்? உயிருக்கு என்றால், அது சென்ற இடம் அறிதற்கரியது. அவ்வுயிர்மேல் உனக்கு அன்புண்டாயின் எல்லா உயிர்க்கும் இரங்குவதே முறை என்கிறாள். குற்றஞ்செய்த அரசியை அவள் குற்றமற்றவள் என்று சொல்லிவிடவும் இல்லை. செய்தவற்றை ஒன்றுவிடாமல் எடுத்துச் சொல்கிறாள். சொல்லிவிட்டு அறத்தைக் கற்பிக்கிறாள். முன்னரும் அரசனிடம் வரம் கேட்கும் வாய்ப்பு வந்தபோது அவள் கேட்டது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குக என்பதுதான். தீமை செய்தவரைத் தீயில் இடுவதைவிட அவரைத் தீமையினின்று மீட்பதே அவள் கண்ட வழி.

மணிபல்லவத்தில் நிகழும் ஒரு வழக்கோடு இதனை முடிக்கலாம். இந்நூலிலேயே மிக வியப்பானது அது என்பது என் கருத்து. அமுதசுரபியைக் கையிலேந்திய ஆபுத்திரன், மழை வளம் சுரந்து பசியே இல்லாமற்போன நாட்டில் பாத்திரத்துக்கு வேலையின்றி, பசித்தோரைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பலேறினான். இடையில் காற்று மாறி, கப்பல் மணிபல்லவத்தில் ஓரிரவு தங்கியது. அவன் இறங்கியது அறியாமல் வணிகர் புறப்பட்டுவிட்டனர். ஆளில்லாத தீவில் தன் ஒருவன் வயிற்றுக்காக மட்டும் அந்தப் பாத்திரத்தைப் பயன்படுத்த அவன் மனம் ஒப்பவில்லை. ஆண்டுக்கொருமுறை தோன்றுக என்று கூறி அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான். மறுபிறப்பில் சாவகத்தில் புண்ணியராசன் என்னும் அரசனாகிறான். மணிமேகலை சென்று அழைக்க, அதே தீவுக்கு வந்து தன் பழைய எலும்பைத் தானே தோண்டிக் காண்கிறான்.

ஊரார் கண்ணில் இதைவிடத் தூய தியாகம் உண்டா? தீவைக் காக்கும் தீவதிலகை அவனைப் புகழவில்லை. அவனை விட்டுச் சென்ற வணிகர் ஒன்பதின்மர், தவற்றை உணர்ந்து தேடி வந்து, அவன் இறந்து கிடப்பதைக் கண்டு, துயரம் தாங்காமல் தாங்களும் அங்கேயே உண்ணாதிருந்து மாண்டனர். அவர்களைச் சார்ந்து வந்தவர்களும் மாண்டனர். இதோ அவர்கள் எலும்பு என்று காட்டுகிறாள். உன் உயிரை நீயே கொன்றாய். உனக்கு இரங்கி வந்தவர் உயிரையும் கொன்றாய். அரசனாக வந்து நிற்கும் நீ கொலைகாரன் அல்லையா என்று நேரே கேட்கிறாள். பிறர்க்கெல்லாம் சோறிட்டவன், தன் வயிறும் ஒரு வயிறு என்பதை மறந்ததே குற்றமாயிற்று! தன்னைக் கொல்லுதலும் கொலையே. அதன் பின்விளைவுகளும் அவன் கணக்கிலேயே எழுதப்படுகின்றன. தம்மையே அழித்துக்கொள்வதைப் பெருமையாகப் பாடும் கதைகள் நிறைந்த நாட்டில் இப்படி ஒரு குரல் எழுந்தது.

புண்ணியராசன் மயங்கித் துயருறுகிறான். மணிமேகலை அவனைத் தேற்றுகிறாள். பரிகாரம் இன்னது, வேள்வி இன்னது, தீர்த்தம் இன்னது என்று அவள் ஒன்றும் கூறவில்லை. நாடாள்பவனே அருளறத்தை மேற்கொண்டால் நாட்டில் திருத்துவதற்கு வேறென்ன குறை எஞ்சும் என்கிறாள். அறம் என்பது யாதென்று கேட்பாயாயின் மறவாமல் கேள் என்று சொல்லி, உலகத்து உயிர்களுக்கெல்லாம் உணவும் உடையும் இருக்க இடமும் கொடுப்பதே அது என்று மூன்றையும் எண்ணிக் காட்டுகிறாள். அரசன் அவ்வாறே செய்வேன், என் நாட்டாயினும் பிறர் நாட்டாயினும் செய்வேன் என்று வாக்களிக்கிறான். அவள் வானவழியே புறப்பட்டுவிடுகிறாள்.